அஞ்சல் வழங்கிகளில் ஐ.பி. முகவரிக் கட்டுப்பாடு
தொடக்கக்கால மின்னஞ்சல் வழங்கிகள், யார் கொடுத்த மடலையும் வாங்கி உரிய இடத்துக்குக் கடத்திவிட்டன. 1982இல் ஜான் போஸ்டல் வரையறுத்த எஸ்.எம்.டி.பி. நெறிமுறையில் அனுப்புநரை உறுதிசெய்யும் வழியே இல்லை. 1990களில் எரித மடல் அனுப்புவோர் இத்தாராளத்தைப் பயன்படுத்திக்கொண்டனர்; செலவும் பழியும் வழங்கியை நடத்தியவர்கள் தலையில் விழுந்தன.

எரிக் ஆல்மன் உருவாக்கிய சென்ட்மெயில் மென்பொருள், 1998இல் வந்த 8.9 பதிப்பு முதல், பிறர் மடலைக் கடத்துவதை இயல்பாகவே மறுத்தது. எந்த முகவரிகளுக்கு, எந்த வலையமைப்புகளுக்கு அனுமதி என்பதை நிர்வாகியே கோப்பில் எழுதிவைக்க வேண்டும். எரிதம் குறைந்ததோ இல்லையோ, வெளியூர் சென்ற ஊழியரின் மடல் நின்றுபோனது. விடுதித் தொலைபேசி வழியே இணைந்த அவரது கணினிக்குக் கிடைத்தது வேறொரு ஐ.பி. முகவரி, அலுவலக வழங்கிக்கு அவரும் அந்நியரே. 1999இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2554, பயனர் தம்மை மெய்ப்பிக்கும் முறையை எஸ்.எம்.டி.பி.யில் சேர்த்தது.