ஒல்லாந்தின் பஞ்சமும் உடலின் குறிப்பேடும்

1944 செப்டெம்பரில் ஒல்லாந்தின் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்ய, சேர்மனியர் மேற்கு மாகாணங்களுக்கு உணவு செல்லாது தடுத்தனர். நகரத்தார் பங்கீடு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் தாழ்ந்தது. துலிப் கிழங்கையும் உண்டனர். 1945 மேயில் விடுதலை வந்து பஞ்சம் நீங்கிற்று. கருவிலிருந்தோரை அது விட்டகன்றதோ? கருக்காலத்தின் முற்பாதியிற் பஞ்சத்துக்குட்பட்ட ஆடவரிடையே பத்தொன்பதாம் வயதிற் பருமன் மிகுந்திருந்தமையை 1976ஆம் ஆண்டாய்வு காட்டிற்று. பட்டினித் தாயின் மகன் மெலிந்தன்றோ இருப்பான் என்பார்க்கு இது வியப்பே. பஞ்சக்காலக் கருவினர் ஐம்பது வயதளவிற் குளுக்கோசைக் கையாளும் ஆற்றல் குன்றியிருந்தமை 1998இல் வெளியாயிற்று. 2008இல், பஞ்சத்திற் கருக்கொள்ளப்பட்டோரின் குருதியில், வளர்ச்சிக்குரிய பரம்பரையலகொன்றின் மெதைற் குறிகள் உடன்பிறந்தாரினும் குறைந்திருக்கக் காணப்பட்டன. எழுத்து மாறவில்லை, மேலிட்ட புள்ளியே குறைந்தது. அக்குறியே நோயை விளைத்ததென இன்னுந் துணிதற்கில்லை. எனினும், பருமன் குறைந்த பின்னரும் கொழுப்பிழையம் பழைய குறிகளை வைத்திருத்தலைச் சூரிச் ஆய்வாளர் 2024இல் கண்டனர்.