காலில்லாப் பறவை

அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பாடம் பண்ணிய காலத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது இறகல்ல, கால்தான். இறகின் நிறம் பல வருடம் நிற்கும். காலோ காயக் காய வெளுத்துச் சருகு நிறத்துக்கு வந்துவிடும்.

அந்தக் காலத்து நியூகினிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. சொர்க்கப் பறவையின் தோலை உரிக்கும்போதே காலை வெட்டிவிடுவார்கள், வேண்டியது இறகுதானே. 1522இல் மகெல்லன் குழுவின் விக்டோரியா கப்பலில் அந்தப் பறவைத் தோல்கள் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தன. காலே இல்லாமல் வானத்திலேயே வாழும் பறவை என்று ஐரோப்பாவில் நம்பினார்கள். படித்தவர்களும்தான்! 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரிலும் 'அபோடா', அதாவது காலற்றது, ஒட்டிக்கொண்டது. இன்றும் அதே பெயர்தான்.

எனக்கோ காலை வெட்டிவிட வழியில்லை. வெண்தொண்டை மீன்கொத்திக்கு உயிரோடிருக்கையில் பவளச் சிவப்புக் கால். உள்ளங்கால் வழியாகக் கம்பி ஏற்றி, விரல்களுக்கு ஃபார்மலின் ஊசி போட்டு, அட்டையில் விரித்துக் குண்டூசி குத்திக் காயவைப்பேன். பிறகு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து மூன்று பூச்சு. தடிப்பாகப் பூசினால் செதில் வரி மறைந்து பொம்மைக் கால் ஆகிவிடும். ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று. அன்று சாயங்காலம் முழுக்க பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.