இல்லடு கள்ளும் சுனைத் தேறலும்

பழச்சாற்றினின்று தேறல் விளைதலைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனரா என்னும் வினாவிற்குப் பத்துப்பாட்டில் இரண்டு இடங்கள் விடை தருகின்றன. ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைக் கூறும் பகுதி. மற்றொன்று குறிஞ்சிப்பாட்டில் கபிலர் காட்டும் மலைச்சுனை.

முன்னதனை முதற்கண் நோக்குவோம். உருத்திரங்கண்ணனார் அங்குக் கூறுவது கள் அடும் முறையேயாம். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுவர், 'நல்லடை'யினைக் கலப்பர், இனிமை பிறக்க இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிப்பர், பின்னர் வலிய வாயுடைய சாடியில் பச்சை நாற்றம் அறும்வரை விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவர். ஈண்டு நல்லடை யாது என்பதே ஆராய்தற்குரியது. அடை என்பதற்கு இலை என்னும் பொருளும் உண்டு. நச்சினார்க்கினியரோ, இடித்த நெல்முளை எனக் கொண்டார். 1889-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த இவ்வுரையே பொருந்துவதென்பது எம் துணிபு. அரிசியிலுள்ள மாப்பொருள் நேரே கள்ளாதல் இல்லை. முதற்கண் சருக்கரையாதல் வேண்டும். அம்மாற்றத்தைச் செய்வது முளைத்த தானியத்திலுள்ள நொதியாகும். 1833-இல் பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் முளைத்த வாற்கோதுமையினின்று பிரித்தெடுத்து, 'டயாஸ்டேசு' எனப் பெயரிட்டது இதனையே. நல்லடை கலந்தபின் இனிமை பிறத்தலைப் புலவர் தனியே சுட்டுதலும், சாடியில் விளைதலை அதன்பின் வைத்தலும் இருநிலை வினையாகிய இம்முறையோடு ஒத்துள்ளன. இலை எனக் கொள்ளின் இவ்வினிமைக்குக் காரணம் கூறுதல் அரிது.

பழத்திற்கு இத்துணை வேலை வேண்டுவதில்லை. அதன்கண் சருக்கரை முன்னரே உளது; அதனைக் கள்ளாக்கும் ஈஸ்டு தோலிலேயே படிந்திருக்கும். கபிலர் காட்டும் சுனையில் மாங்கனி உதிர்கிறது. பறவைகள் கலைத்த தேன் வந்து சேர்கிறது. பலாவின் பழம் நெகிழ்ந்து வீழ்கிறது. இவை கூடி விளைந்த தேறலை நீரென்று கருதி உண்ட மயில், விழாக்களத்தில் கயிற்றின்மேல் நடக்கும் ஆடுமகள் போலத் தளர்கின்றது. உவமையின் அழகைப் பலரும் பாராட்டியுள்ளனர். அதற்கு அடியாய் நிற்கும் உண்மை அத்துணை நோக்கப்பெறவில்லை. தனித்தேன் எளிதில் புளிப்பதன்று. அதிலுள்ள நீர் மிகக் குறைவு. சுனைநீர் கலந்து நெகிழ்ந்தால்தான் அது நொதிக்கும். தேனைச் சுனையிற் சேர்த்தது, கண்டறிந்தார் கூற்றாகவே எமக்குப் படுகின்றது.

எனினும், பழத்தை இல்லத்தில் பிழிந்து சாடியிலிட்ட செய்தியை இவ்விரு பாட்டிலும் காணோம். பெரும்பாணாற்றுப்படை மறவர் மனையில் அடப்பட்டதாகக் கூறும் 'தோப்பி'யும் நெல்லாற் செய்த கள்ளே. பழத்தின் மதுவாகத் தமிழ்வேந்தர் கலத்தில் ஏறியது யவனர் கொணர்ந்த திராட்சை மதுவாகும். நன்மாறனைப் பாடிய நக்கீரர் பாட்டும், 1945-இல் அரிக்கமேட்டு அகழ்வில் கிட்டிய இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகளும் அதற்குச் சான்று. மாவும் பலாவும் மலிந்த நாட்டில் மனையோர் நெல்லையே நாடியமைக்கு, நெல் ஆண்டு முழுதும் குதிரில் கிடந்ததும், பழம் பருவத்தோடு ஒழிந்ததும் காரணமாகலாம்.