கடைமடையின் தண்ணீர்க் கணக்கு

பேராவூரணி வட்டாரத்துக்குக் காவிரி வந்தது 1934-இல் தான். கரிகாலன் பெயர் சொல்லும் பழைய டெல்டாவில் இந்த ஊர் சேராது. அதுவரை ஏரியும் மழையுமே கதி.

பொறியாளர் கர்னல் எல்லிஸ் 1910-இல் மேட்டூர்த் திட்டத்தை வகுத்தபோது கேட்ட கேள்வி எளிமையானது: மேட்டூரில் தண்ணீரைத் தேக்கினால், எத்தனை ஏக்கரைப் புதிதாக நஞ்சையாக்கலாம்? மைசூரோடு இழுபறி முடிந்து, 1924 ஒப்பந்தத்தில் விடை எழுத்தில் ஏறியது. சென்னை மாகாணத்துக்குப் புதுப் பாசனம் 3,01,000 ஏக்கர். அதில் பெரும் பங்கைச் சுமக்க வெட்டப்பட்டதுதான் கல்லணைக் கால்வாய். தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி தாண்டி, புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரி வரை சுமார் 148 கிலோமீட்டர்.

அந்தக் கணக்கு நெல்லுக்குப் போட்டது. தலைமடையில் அது பலித்தது. கடைமடையில் தேதிதான் பிரச்சினை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும், கல்லணையைக் கடந்து கிளை வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் எப்போது வரும் என்பதை எந்த ஒப்பந்தமும் சொல்லவில்லை. காத்திருந்து சலித்தவர்கள் தென்னை வைத்தார்கள், ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள்.

கிராம அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேடு இந்த மாற்றத்தைப் பாதிதான் காட்டும். எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர், எத்தனை பரப்பு, எது பாசன ஆதாரம் என்று ஒவ்வொரு பசலி ஆண்டுக்கும் அதில் பதிவாகிறது. நல்ல ஆவணம்தான். ஆனால் எவ்வளவு நீர் இறைத்தார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. இலவச மின்சாரத்தில் ஓடும் மோட்டாரிடம் அதைக் கேட்பாரும் இல்லை.

கேட்டது உச்ச நீதிமன்றம், அதுவும் டெல்லியிலிருந்து. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில், தமிழ்நாட்டு டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்து, அந்த அளவைக் காவிரிப் பங்கில் குறைத்தது. பெங்களூரின் குடிநீர்த் தேவைக்காக இன்னும் 4.75 போனது. 419 டி.எம்.சி. என்றிருந்த பங்கு 404.25 ஆனது. பூமிக்கடியில் இருப்பதை ஊர் அளக்காவிட்டால் வழக்கில் யாராவது அளப்பார்கள்!

அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தது. 2019-இல் கடைமடை விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, ஊரார் பணத்தில் பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். ஆற்று நீர் எப்போது வந்தாலும் பிடித்து வைக்கவும், நிலத்தடி நீர் ஏறவும் வேண்டுமே.

2021-இல் கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்க 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கான்கிரீட் போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் வரும்; வழியில் பூமிக்குள் இறங்குவதோ குறையும். இரண்டும் உண்மை. கால்வாயைப் பூசும் நீர்வளத் துறை, எந்த ஊருக்கு வாய்க்காலில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு கீழிருந்து இறைக்கப்படுகிறது என்ற வரைபடத்தையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.