சைட்டிசின்

புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் தாவர மருந்து. தென் ஐரோப்பிய மலைப்பகுதி மரமான லேபர்னத்தின் விதையிலிருந்து எடுக்கப்படுகிறது. இம்மரம் சரக்கொன்றையைப் போலச் சரம்சரமாக மஞ்சள் பூக்கும். ஆனால் விதை நஞ்சு, வீட்டு வைத்தியத்துக்கு ஆகாது. பல்கேரியாவில் 1964 முதல் 'டாபெக்ஸ்' என்ற பெயரில் மாத்திரையாக விற்கப்படுகிறது.

மூளையில் நிக்கோட்டின் பற்றும் ஏற்பிகளிலேயே சைட்டிசினும் பற்றிக்கொள்கிறது. அவற்றை அரைகுறையாகத் தூண்டுவதால் ஏக்கம் தணிகிறது; இடம் பிடிபட்டுவிட்டதால், பற்றவைத்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை. வழக்கமான சிகிச்சை 25 நாள். முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகத் தினமும் ஆறு மாத்திரை. பிறகு படிப்படியாகக் குறையும். ஐந்தாம் நாளுக்குள் சிகரெட்டை அறவே விட்டுவிட வேண்டும். குமட்டலும் தூக்கக் கெடுதலும் சிலருக்கு வரும்.

கிழக்கு ஐரோப்பாவுக்கு வெளியே இம்மருந்து நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. இதன் மூலக்கூறை ஒட்டி உருவான வரெனிக்லின் 2006இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூலப்பொருளுக்கு அந்த அதிர்ஷ்டம் அப்போது வாய்க்கவில்லை. வார்சாவில் 740 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2011இல் வெளியானது: ஓராண்டு புகைக்காதிருந்தவர்கள் சைட்டிசின் பிரிவில் 8.4%, வெற்று மாத்திரைப் பிரிவில் 2.4%. எண் சிறிதுதான், ஆனால் இவர்களுக்குக் கிடைத்த ஆலோசனையும் சொற்பம், மாத்திரையும் மலிவு. 2014இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில் நிக்கோட்டின் பட்டை, பசைமிட்டாய் முதலியவற்றை இது விஞ்சியது.

மின்சிகரெட் பிடிப்போரிடமும் அமெரிக்காவில் சோதிக்கப்பட்டது. 160 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2024இல் வந்தது: வழக்கத்தைவிட நீண்ட சிகிச்சையின் கடைசி நான்கு வாரங்களில் விலகியிருந்தோர் 31.8%, வெற்று மாத்திரையில் 15.1%.