எலும்பின் திருப்பணி

காஞ்சி மாநகரத்தைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். ஒன்று கற்கோயில், மற்றொன்று பட்டுச்சேலை. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது மனிதனுடைய எலும்பு. சரித்திரப் பேச்சில் எலும்புக்கு என்ன வேலை என்று மாணவ நண்பர்கள் வியப்படையலாம். எலும்பைப் பற்றிய அறிவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் என்னுடைய சிறு கதையும் அடங்கியிருக்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவன் நான். கோர்வைச் சேலை நெய்ய ஒருவர் போதாது. உடல் ஒரு நிறமும் கரைகள் வேறு நிறமுமாக அமைந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள வேண்டுமானால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். அப்பா குழித்தறியில் அமர்ந்து நெய்வார். அருகில் அமர்ந்து கரை நாடாவை எறிந்து கொடுப்பது என் வேலை. அந்தச் சிறு பிராயத்திலேயே என் உடல் வீங்கியது. சிறுநீரில் புரதம் கழிந்துபோகும் நோய் என்றார்கள். பிரட்னிசோலோன் மாத்திரை என்னைப் பிழைக்க வைத்தது. நோய் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. மாத்திரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

24 ஆம் வயதில் ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கினேன். முதுகில் சுளீரென்று ஒரு வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பின் கணு ஒன்று நசுங்கியிருந்தது. பிறகு எலும்பின் அடர்த்தியையும் அளந்தார்கள். ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை என்று மருத்துவர் சொன்னார். "கிழவிகளுக்கு வருகிற சங்கடம் உனக்கு எதற்கடா கண்ணு?" என்று பாட்டி அழுதாள். "வெளியில் சொல்லாதே; நாளைக்குப் பெண் கொடுப்பவர்கள் யோசிப்பார்கள்" என்றாள் அத்தை. என்னைக் காப்பாற்றிய மருந்தே என் எலும்பைத் தின்றது என்று அறிந்தபோது சினம் மூண்டது. மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிட்டேன். நான்காம் நாள் தலைசுற்றி விழுந்தேன். நெடுநாள் உண்ட அம்மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதன்பின், சினம் கொள்ளுமுன் இதன் வரலாற்றை அறிவோம் என்று புத்தகங்களைப் புரட்டலானேன்.

19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து நோயியல் அறிஞர் ழான் லோப்ஸ்டைன் என்பவர், துளைகள் பெருகி நொய்ந்துபோன எலும்புகளைக் கண்டு ஆஸ்டியோபோரோசிஸ் என்னும் பெயரை இட்டார். 1932 இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் ஒரு விசித்திர நோயை வருணித்தார். முகம் உருண்டு, உடல் பருத்து, முதுகெலும்பு மெலியும் நோய் அது. அட்ரினல் சுரப்பியின் நீர் மிகுவதே அந்நோயின் அடிப்படை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1941 இல் ஃபுல்லர் ஆல்பிரைட் என்பவர், மாதவிடாய் நின்ற பெண்களிடம் எலும்பு மெலிவதைச் சுட்டிக்காட்டினார்.

1948 செப்டம்பரில் மருத்துவ உலகை வியக்க வைத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண் ஒருத்திக்கு, அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் என்பவர் கார்ட்டிசோனை ஊசிவழி செலுத்தினார். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950 இல் ஹெஞ்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்த அமுதத்தின் மறுபுறம் தெரியலாயிற்று. நெடுநாள் உண்டவர்களின் எலும்பு முறிந்தது. 1955 இல் வழக்கிற்கு வந்த பிரட்னிசோலோனும் அதே இனத்தைச் சேர்ந்ததே. அம்மருந்து எலும்பைக் கட்டும் உயிரணுக்களை ஒடுக்குகிறது. குடல் சுண்ணாம்புச் சத்தை ஏற்பதையும் குறைக்கிறது. ஆக, என் மாத்திரை பகையும் அன்று, துரோகமும் அன்று. உயிரைக் கொடுத்துவிட்டு அதற்கு விலையும் கேட்ட மருந்து அது.

விலை எவ்வளவு என்று அளப்பது எப்படி? 1994 இல் உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோல் வகுத்தது. ஆரோக்கியமான இளவயதினரின் சராசரி அடர்த்தியைவிட இரண்டரைத் திட்ட விலக்கம் குறைந்தால் எலும்புப்புரை என்பது அது. இது முக்கியமாக முதிர்ந்த பெண்களுக்காக வகுக்கப்பட்டது. இளைஞரை அவர்களுடைய வயதினரோடுதான் ஒப்பிட வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், முறிவும் காரணமும் உண்டா என்று ஆராய வேண்டும். என்னிடம் இரண்டும் இருந்தன.

எங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயிலை நீங்கள் பார்த்திருக்கலாம். 8 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்தது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் தேய்ந்தது, பிற்காலத்தார் சுதை பூசிக் காத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கோயில்களுக்குத் திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது நம் மரபு. எலும்பும் அத்தகையதே. பழையதை அரித்தெடுக்கும் அணுக்களும், புதியதைக் கட்டும் அணுக்களும் இரவு பகலாக வேலை செய்கின்றன. முதிர்ந்த மனிதனின் எலும்புக்கூடு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. இதை அறிந்த நாளில் என் அச்சம் பாதியாகக் குறைந்தது. இடிந்து முடிந்த கட்டடம் அல்ல நான். திருப்பணி நடந்துகொண்டிருக்கும் கட்டடம்!

மருத்துவர்கள் மாற்று மருந்து தந்து, பழைய மாத்திரையின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி யும் கொடுத்தார்கள். சுமையோடு குனிவதை விலக்கினார்கள். ஆனால் அசையாமல் கிடக்கவும் விடவில்லை. சுமைக்கேற்ப எலும்பு தன்னை அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறிஞர் ஜூலியஸ் உல்ஃப் 1892 இலேயே எழுதியிருக்கிறார். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும் நேரத்தில் நானும் நடக்கத் தொடங்கினேன். நாள் முழுதும் குழித்தறியில் முதுகை வளைத்து அமர்வது எனக்கு இனி ஆகாது என்றதும் அப்பா நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் கட்டம் போட்ட காகிதக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். "நெய்ய ஆள் கிடைக்கும்; புட்டா வரைய நீ இரு" என்றார். இன்று சேலைக்குச் சித்திரம் தீட்டுவது என் தொழில். நோயை எவரிடமும் நான் மறைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அளந்தபோது அடர்த்தி பெரிதாக உயரவில்லை, ஆயினும் குறையவில்லை. அதுவே எனக்கு வெற்றி.

மாணவ நண்பர்களே, எலும்பின் பெருஞ்சேமிப்பு உங்கள் வயதில்தான் நிகழ்கிறது. இருபதுகளோடு அது ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது வளர்ந்தோருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வகுத்த அளவு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அரிசியிலோ மிகச் சொற்பமே. பாட்டியின் கேழ்வரகுக் கூழை நாம் ஏளனம் செய்தோம். அவளுடைய கூனையும் முதுமையின் இயல்பு என்றே எண்ணினோம். அந்தக் கூனுக்குள் எத்தனை கணுக்கள் ஓசையின்றி நசுங்கியிருந்தனவோ! அவளை எவரும் அளந்து பார்க்கவில்லை. என்னை அளந்தார்கள். எனக்கும் அவளுக்கும் இடையில் நிகழ்ந்த சரித்திரம் இதுதான்.