நோயாளியின் மொழியில் வைத்தியம்: மானிப்பாய் கிறீன்



அண்மையில் எங்கள் மாமியைச் சத்திரசிகிச்சைக்கு முன்னான ஆலோசனைக்காக ஒரு வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். "நாரிக்குள்ளை உளையுது, இடைக்கிடை காலெல்லாம் கடுக்குது" என்றார் மாமி. நான் ஆங்கிலத்தில் "வலி" என்ற ஒரே சொல்லோடு முடித்துவிட்டேன். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. உளைவு வேறு, கடுப்பு வேறு. கணக்கில் ஒரு பென்ஸ் பிசகினாலும் நித்திரை கொள்ளாத நான், மாமியின் நோவில் பாதியைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டேன்.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர் மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தவர். இவருடைய அண்ணன் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க் சென்ட்ரல் பார்க் உருவாகப் பெரும் பங்காற்றியவர். தம்பியோ நியூயோர்க்கில் வைத்தியமும் சத்திரசிகிச்சையும் பயின்று 1845இல் பட்டம் பெற்று, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே பண்டத்தரிப்பில் யோன் ஸ்கடர் வைத்தியப் பணியைத் தொடங்கியிருந்தார். கிறீன் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு நில்லாமல், 1848இல் நம் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கினார். கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி வந்தது 1870இல்தான்.

முதலில் ஆங்கிலத்திலேயே படிப்பித்தார். படித்து முடித்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போனார்கள். கிராமத்து நோயாளி வைத்தியரின்றியே இருந்தார். இதைக் கண்ட கிறீன் 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். வைத்தியர் உள்ளூர் மக்களோடு ஒன்றியிருக்க வேண்டும் என்பதற்காக, மாணவர் தமிழர் உடையிலும் பழக்கவழக்கங்களிலும் தொடர வேண்டும் என்றும் விரும்பினார்.

பாடநூல் இல்லையே? மாணவர்களின் துணையுடன் அவற்றையும் உண்டாக்கினார். 1857இல் "பிரசவ வைத்தியம்", 1867இல் சத்திரசிகிச்சை பற்றிய "இரண வைத்தியம்", 1872இல் "மனுஷ அங்காதிபாதம்", 1875இல் "கெமிஸ்தம்". எல்லாமாக 4,000 பக்கங்களுக்கு மேல். கலைச்சொல்லைத் தமிழில் தேடுவார். கிடையாவிட்டால் வடமொழியில் தேடுவார். அங்கும் இல்லையென்றால் மட்டுமே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றுவார். 60க்கும் மேற்பட்டவர்களை வைத்தியராக்கினார். 1873இல் ஊர் திரும்பிய பின்னும், 1884இல் கண்மூடும்வரை, தமிழ் வைத்திய நூல்களை விடவில்லை.

கிறீன் மதப்பணிக்காக வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோயாளி வைத்தியரின் மொழிக்கு ஏறிவரத் தேவையில்லை, வைத்தியர்தான் நோயாளியின் மொழிக்கு இறங்கிவர வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார். அதற்காகத் தானே முதலில் தமிழ் படித்தார்.

மறுநாள் வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்து, அடுத்த சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டேன். என்எச்எஸ் சேவையில் அதற்குக் கட்டணம் இல்லை. முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது. அன்று மாமி கால் மணித்தியாலம் வாய் நிறையக் கதைத்தார். சத்திரசிகிச்சை நிபுணர் முழுவதையும் கேட்டு, மறுபடி காலைப் பரிசோதித்தார்.

நேயர்களே, பள்ளிக்கூடப் பிள்ளையை இடையில் நிறுத்தி அம்மம்மாவின் நோயைச் சொல்லவைக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.